இன்ஸ்டா ப்ரொஃபைல்ல ஈமெயில் சைன்அப் பேஜ் எப்படி சேர்க்கறது?

சொந்த வெப்சைட் இல்லாம முடியுமான்னு கேட்டிருக்கீங்க, தாராளமா முடியும். மெயில்சிம்ப் மாதிரி, நிறைய பேருக்கு ஈமெயில் அனுப்பற சர்வீஸ்லயே லேண்டிங் பேஜ், அதாவது ஈமெயில் வாங்கற ஃபார்ம் இருக்கற ஒரே ஒரு பக்கம், போட்டுக்கலாம், பப்ளிஷ் பண்ணா ஒரு லிங்க் வரும், அத காப்பி பண்ணிட்டு இன்ஸ்டால எடிட் ப்ரொஃபைல் போய் லிங்க்ஸ்ங்கற இடத்துல சேருங்க. பயோவுக்குள்ள டைப் பண்ணிடாதீங்க, நான் முதல்ல அப்படித்தான் போட்டுட்டு ஏன் ஒருத்தரும் வரலன்னு ரெண்டு வாரம் முழிச்சிட்டு இருந்தேன், அங்க அது வெறும் எழுத்து, தொட்டா எங்கயும் போகாது. 2023லேர்ந்து 5 லிங்க் வரைக்கும் போடலாம், ஆனா ஒண்ணுக்கு மேல போனா முதல் லிங்க்தான் வெளிய தெரியும், மத்ததெல்லாம் உள்ள ஒளிஞ்சுக்கும், அதனால சைன்அப் லிங்க்க மேல வைங்க. அப்புறம் ஃபார்ம்ல ஃபோன் நம்பர், பிறந்தநாள்லாம் கேட்டு விரட்டாதீங்க, ஈமெயில் மட்டும் போதும்.