தலித் கிறிஸ்தவர், இடஒதுக்கீடு, சபை, அரசியல்: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம். தலித் கிறிஸ்தவங்க உரிமை பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்னு சொன்னேன், கேள்வி வந்து குவிஞ்சிருச்சு. நான் வக்கீல் இல்ல. சர்டிபிகேட் விஷயமா தாலுகா ஆபீஸ், கோர்ட், பிஷப் ஹவுஸ்னு பல குடும்பங்களோட இருபது வருசமா அலைஞ்சவன், அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டதத்தான் சொல்றேன். ஒரே மாதிரி கேள்விகள சேர்த்துட்டேன்.

அண்ணா, எங்க தாத்தா காலத்துல மதம் மாறினோம். அதே தெரு, அதே சொந்தக்காரங்க. என் சித்தப்பா பொண்ணுக்கு எஸ்சி, எனக்கு பிசி. ஏன்?

ஏன்னா 1950 ஆகஸ்ட் 10ல வந்த ஜனாதிபதி ஆணைம்மா. அதோட மூணாவது பத்தி, இந்துவா இல்லாதவங்கள எஸ்சியா கருத முடியாதுன்னு சொல்லுச்சு. 1956ல சீக்கியர சேர்த்தாங்க, 1990ல பௌத்தர சேர்த்தாங்க, கிறிஸ்தவங்களும் முஸ்லிம்களும் மட்டும் இன்னும் வெளியதான் நிக்கிறோம். எஸ்டிக்கு இந்த மாதிரி மதக் கட்டுப்பாடே கெடையாதுங்கறதையும் தெரிஞ்சுக்கோ, பழங்குடி கிறிஸ்தவர் எஸ்டியாவே இருக்கலாம். தமிழ்நாட்டுல, எஸ்சியில இருந்து மதம் மாறினவங்க எத்தன தலைமுறை ஆனாலும் பிசி லிஸ்ட்லதான் வருவாங்க, அதனால எஸ்சிக்கான 18 சதவீதத்துல இருக்க வேண்டிய நீ பிசிக்கான 26.5 சதவீதத்துல, தலைமுறை தலைமுறையா நிலம் வச்சிருக்குற சாதிகளோட போட்டி போடுற. ஒண்ணு மறந்துராத, மாநில அரசோட ஆதிதிராவிடர் நலத்துறை ஸ்காலர்ஷிப்ல "மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்"னு தனியா இருக்கு, வருமான வரம்புக்குள்ள இருந்தா உனக்கும் உண்டு. காலேஜ்ல பிசின்னு பார்த்ததும் இல்லம்பாங்க, ஆபீஸ்ல போய் கேளு.

கிறிஸ்தவத்துல சாதி இல்லன்னுதான மாறினீங்க? அப்புறம் சாதிச் சலுகை கேக்குறது நியாயமா? (இதையே ஏழெட்டு பேர் கேட்டிருக்காங்க, சிலர் கோவமாவே)

கோவம் புரியுது. இதே வாதத்ததான் கோர்ட்லயும் வச்சாங்க. சூசைன்னு ஒருத்தர், மெட்ராஸ்ல ரோட்டோரம் செருப்பு தைக்கிறவர். தெருவுல உக்காந்து தொழில் பண்றவங்களுக்கு அரசு இலவசமா பங்க் கடை குடுத்தப்ப, பக்கத்துல உக்காந்து அதே ஊசி அதே தோலோட வேல பாத்தவங்களுக்கு கெடச்சது, இவர் கிறிஸ்தவர்ங்கறதால கெடைக்கல. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போனார். 1985ல, மதம் மாறின பிறகும் அதே கொடுமை அதே அளவுக்கு தொடருதுன்னு காட்ட போதுமான ஆதாரம் இல்லன்னு சொல்லி தள்ளிட்டாங்க.

ஆதாரமா வேணும்? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்க, நடுவுல சுவர் நிக்கிது, ஒரு பக்கம் தலித் கிறிஸ்தவங்க, இன்னொரு பக்கம் மத்தவங்க, ரெண்டு பக்கமும் சிலுவதான். கள்ளக்குறிச்சி மாவட்டம் எறையூர்ல, தனிப் பங்கு, அதாவது தங்களுக்குன்னு தனி கோயில் நிர்வாகம் கேட்டு தலித் கிறிஸ்தவங்க போராடினது 2008 மார்ச்சுல கலவரமாகி, வீடுங்கள அடிச்சு நொறுக்கி, கடைசியில போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க, அடிச்சவங்களும் அடிபட்டவங்களும் செத்தவங்களும் எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கினவங்கதான். எங்க ஊர்லயே எங்க தாத்தா சவப்பெட்டி பெரிய தெரு வழியா வரக்கூடாதுன்னு சொல்லி வாய்க்கா கரையில சேத்துல தூக்கிட்டுப் போனோம், எனக்கு அப்ப பன்னெண்டு வயசு, பெட்டி சாயும்போது பெரியப்பா மண்டி போட்டு தோள் குடுத்தது இன்னும் கண்ணுல நிக்குது. கோயில்ல மணி அடிச்சாங்க, சாமியார் ஜெபம் சொன்னார், வழிய மட்டும் யாரும் விடல.

கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பர்ல ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள்ள தீண்டாமை இருக்குன்னு வெளிப்படையா ஒத்துக்கிட்டாங்க. நாட்டுல இருக்குற 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கர்ல 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்ங்கறதும் அதுலயேதான் இருக்கு. அப்படி இருந்தும் போப்புக்கு அடுத்த நிலையில இருக்குற கார்டினால் பதவிக்கு ஒரு தலித் வர்றதுக்கு 2022 ஆச்சு, ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா. அதனால நான் ரெண்டு பக்கமும் சொல்றது ஒண்ணுதான். டில்லியப் பார்த்து, வேதத்துல சாதி இல்லங்கறதுக்காக தெருவுல இல்லன்னு ஆயிராதுங்கறேன். சபையப் பார்த்து, டில்லிகிட்ட போய் எங்க ஜனங்களுக்கு நீதி குடுன்னு கேக்குறதுக்கு முன்னாடி அந்த கல்லறைச் சுவர இடிங்கங்கறேன்.

கிறிஸ்தவங்களுக்கு தனியா 3.5 சதவீதம் குடுத்தாங்களே, அது என்னாச்சு?

2007ல முஸ்லிம்களுக்கும் நமக்கும் ஆளுக்கு 3.5 குடுத்தாங்க. கணக்குப் பார்த்தா நமக்கு முன்னாடி கெடச்சத விட கொறையுதுன்னு நம்ம ஆளுங்களே வேணாம்னு சொல்லி, 2008ல வாபஸ் ஆச்சு.

பிரதர், ரோமர் 13ஐ காட்டி எங்க பாஸ்டர் அரசியல் பேசுறதே பாவம்ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?

ஆளுறவங்களுக்குக் கீழ்ப்படியணும்னு சொல்ற ரோமர் 13ல நிறுத்தாம அப்போஸ்தலர் 5:29ம் வாசிக்கச் சொல்லுங்க தம்பி, மனுஷருக்குக் கீழ்ப்படியறத விட தேவனுக்குக் கீழ்ப்படியணும்னு பேதுரு சொன்னது யூதத் தலைவர்களோட ஆலோசனை சங்கத்துக்கு முன்னாடி, அதிகாரத்த நேருக்கு நேர் பார்த்து. மோசே போய் நின்னது பார்வோன் அரமனையில. ஆமோஸ் ஆடு மேய்ச்சவர், ஏழைய மிதிச்சு வரி வாங்குறவங்களோட பாட்டுச் சத்தமே எனக்கு வேணாம்னு கடவுள் சொல்றதா எழுதிட்டு, அதுக்கப்புறம்தான் நீதி ஆறு மாதிரி ஓடட்டும்னு எழுதினார். வசனத்தோட பின்பாதிய காலண்டர்ல போடுறோம், முன்பாதிய விட்டுர்றோம்.

நம்ம திருச்சி மாவட்டத்துல பொறந்த ஸ்டேன் சாமி அடிகள எடுத்துக்கோங்க. சேசு சபை சாமியார், ஜார்க்கண்ட் போய் விசாரணையே முடியாம ஜெயில்ல கெடந்த ஆதிவாசி பசங்களுக்காக கோர்ட்டுக்குப் போனவர். 2020 அக்டோபர்ல உபாங்கற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்துல கைது பண்ணாங்க, பார்க்கின்சன் நோயால கை நடுங்கி டம்ளர் பிடிக்க முடியாம உறிஞ்சிக் குடிக்க ஒரு கப்பு கேட்டதுக்கே கோர்ட்டுல மனு போட்டு காத்திருக்க வேண்டியிருந்தது, 2021 ஜூலை 5ல ஜாமீன் கெடைக்காமலே 84 வயசுல இறந்துட்டார். இவர் செஞ்சது பாவமான்னு உங்க பாஸ்டர்கிட்ட மரியாதையாவே கேளுங்க.

அப்போ பிரசங்கத்துல இந்தக் கட்சிக்கு ஓட்டு போடுங்கன்னு சொல்லலாமா?

கூடாது. மதத்த சொல்லி ஓட்டு கேக்குறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123படி முறைகேடு, 2017ல ஏழு நீதிபதி அமர்வு அத இன்னும் இறுக்கிருச்சு. சட்டம் இல்லன்னாலும் எனக்கு அது பிடிக்காது. பிரச்சினைய பேசுங்க, ஓட்ட ஜனங்க போட்டுக்குவாங்க.

சாதி பேர சொல்லி அடிச்சா கிறிஸ்தவங்க பிசிஆர் கேஸ் குடுக்க முடியுமா?

பிசிஆர்னு எல்லாரும் சொல்றது வன்கொடுமைச் சட்டத்தத்தான், சட்டப்படி எஸ்சி, எஸ்டியா இல்லன்னா அது ஓடாதுங்க. ஆந்திராவுல ஒரு பாஸ்டர் சாதி பேர சொல்லித் திட்டி அடிச்சாங்கன்னு குடுத்த கேஸ, அவர் கிறிஸ்தவர்னு சொல்லி 2025ல அந்த ஹைகோர்ட் ரத்து பண்ணிருச்சு. திட்டுறவன் யாரும் மதத்த கேட்டுட்டுத் திட்டுறதில்ல. ஆனாலும் சாதாரண கிரிமினல் பிரிவுல புகார் குடுங்க, புகார் வாங்கினதுக்கு குடுக்குற சிஎஸ்ஆர் ரசீது வாங்காம ஸ்டேஷன விட்டு வராதீங்க.

சர்டிபிகேட்ல இந்து, ஞாயித்துக்கிழம சர்ச். நான் பொய் சொல்றவளா? ராத்திரி தூக்கம் வரல.

சிஸ்டர், உங்கள குத்தம் சொல்ல என்னால முடியாது. பிள்ளைய படிக்க வைக்கணும்னு விசுவாசத்த மறைக்க வேண்டிய நெலமையில ஒரு தாயக் கொண்டு நிறுத்துனது அந்த 1950 ஆணைதான். ஆனா சட்டத்த ஒளிக்காம சொல்லிடறேன். 2024 நவம்பர்ல புதுச்சேரி பெண் ஒருத்தரோட வழக்குல, கிறிஸ்தவ விசுவாசத்துல இருந்துகிட்டு சலுகைக்காக மட்டும் இந்துன்னு சொல்றது அரசியல் சாசனத்துக்கே மோசடின்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. யாராவது புகார் குடுத்தா ஞானஸ்நானப் பதிவேடு வரைக்கும் கேப்பாங்க, வேலையும் போகலாம். உங்க நெலமைய முழுசா ஒரு வக்கீல்கிட்ட சொல்லுங்க, ஊர்க்காரங்ககிட்ட வேணாம்.

டில்லியில இப்ப என்ன நெலம?

அந்த 1950 ஆணைய எதிர்த்து சுப்ரீம் கோர்ட்ல 2004ல போட்ட வழக்கு இழுத்துக்கிட்டே கெடக்கு. 2007ல ரங்கநாத் மிஸ்ரா கமிஷன், எஸ்சி அந்தஸ்துக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடாதீங்கன்னு பரிந்துரை பண்ணுச்சு, அரசு ஏத்துக்கல. 2022ல இதையே ஆராய கே.ஜி.பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டு அதுக்கும் தவணைய நீட்டினாங்க. மதம் மாறின ஆதிதிராவிடருக்கும் எஸ்சி அந்தஸ்து குடுங்கன்னு நம்ம சட்டமன்றம் 2023 ஏப்ரல்ல தீர்மானம் போட்டு அனுப்புச்சு. ஒவ்வொரு ஆகஸ்ட் 10க்கும் கறுப்புக் கொடி பிடிக்கிறோம்.

சாதாரண சபை ஆளுங்க நாங்க என்ன பண்றது அண்ணா?

உங்க பங்குல நிதிக் குழுவுல யாரு, திருவிழாவுல தேர் எந்தத் தெருவுக்கு வராது, சபை ஸ்கூல்ல எத்தன தலித் டீச்சர், இந்த மூணயும் பங்குப் பேரவையில எழுத்துல கேளுங்க. சிறுபான்மை ஸ்கூல்னு அரசு இடஒதுக்கீடு நம்மள கட்டுப்படுத்தல, அதனாலயே நம்ம ஆளுங்களுக்கு நாமளே இடம் குடுத்தாகணும். அப்புறம் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். ரெண்டு வருசமா நாங்க கொஞ்சம் பேர் சுவருக்கு இந்தப் பக்கம் நம்ம கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டு, அப்படியே அந்தப் பக்கமும் போய் பூ வச்சு ஏத்துறோம். மொத வருசம் மொறச்சாங்க. போன வருசம் அந்தப் பக்கத்துல இருந்து ஒரு வயசான அம்மா தீப்பெட்டியோட நம்ம பக்கம் வந்து, எங்க தாத்தா கல்லறை எதுன்னு கேட்டாங்க.