பரணில் ஏறிய பூட்ஸ்

கேள்வி: என் மகன் எம்.பி.பி.எஸ். முதலாமாண்டு படிக்கிறான். சிறு வயதிலிருந்தே கால்பந்துதான் அவனுக்கு உயிர். இப்போது பல்கலைக்கழக அணியிலும் இடம் கிடைத்திருக்கிறது. உடற்கூறியல் உள்தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் அவனுடைய அப்பா பூட்ஸை எடுத்துப் பரணில் போட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. நான் யார் பக்கம் நிற்பது?
— ஒரு தாய்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் டாக்டர் தாலிமெரென் ஆவோவின் நினைவுதான் எனக்கு வந்தது. நாகா மலையில் சாங்கி என்னும் சிற்றூரில் 1918-இல் பிறந்தவர் அவர். பாதிரியாராக இருந்த அவருடைய தந்தை, மகன் மருத்துவம் படித்துத் தம் மக்களுக்கு உழைக்க வேண்டும் என்று விரும்பியவர். 1935-இல் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். கந்தல் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை வெறுங்காலால் உதைத்துப் பழகிய அந்தப் பையன், கவுகாத்தி காட்டன் கல்லூரியில் படித்து, 1942-இல் கல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே மோகன் பகான் அணிக்குள் நுழைந்து, பின்னர் அதன் தலைவராகவும் உயர்ந்தார்.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கியதும், தொடக்க விழா அணிவகுப்பில் தேசியக் கொடியை ஏந்திச் சென்றதும் இந்த மருத்துவ மாணவர்தான். ஜூலை 31 அன்று இல்ஃபோர்டில் பிரான்ஸை எதிர்த்து நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தும், கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாகி, ஆட்டம் முடியும் தறுவாயில் வாங்கிய கோலால் 2-1 என்று தோற்றோம். ஏன் பூட்ஸ் அணியவில்லை என்று கேட்டவர்களிடம், நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால் என்று ஆவோ சொன்னதாக இன்றும் சொல்வார்கள்.

ஊர் திரும்பியவர் படிப்பை விட்டுவிடவில்லை. 1950-இல் எம்.பி.பி.எஸ். முடித்தார்; சில ஆண்டுகளில் கோஹிமா அரசு மருத்துவமனைக்குப் பணியாற்றப் போனார். கல்கத்தாவில் அவருக்கு இருந்த பெயருக்கு அங்கேயே தங்கியிருக்கலாம். தந்தை விரும்பிய இடம் மலை என்பதால் மலைக்கே திரும்பினார். பின்னாளில் நாகாலாந்தின் சுகாதாரத் துறை இயக்குநராகி, 1978-இல் ஓய்வு பெற்றார். அவர் வாழ்க்கையில் என்னை நெகிழச் செய்வது ஒலிம்பிக்கைவிட இந்தத் திரும்புதல்தான்.

அவர் 1942-இல் சேர்ந்து 1950-இல்தான் பட்டம் பெற்றார் என்பதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். மகனிடம் வேறொன்றைச் சொல்ல வேண்டும்: இன்றைய விதிகளில் அவ்வளவு தாராளம் இல்லை. எழுத்துப் பாடங்களில் 75 விழுக்காடும் செய்முறையில் 80 விழுக்காடும் வருகை இல்லாமல் தேர்வு எழுத முடியாது. முதலாமாண்டுத் தேர்வில் நான்கு முயற்சிகளுக்குள் தேறியாக வேண்டும். ஆகவே, போட்டித் தேதிகளையும் தேர்வுத் தேதிகளையும் ஒரே நாட்காட்டியில் அவனே குறிக்கட்டும். இரண்டும் மோதும் மாதத்தில் எதை விடுவது என்பதை அவனே முடிவு செய்து அப்பாவிடம் வந்து சொல்லட்டும். உடற்கூறியலில் பின்தங்கிய பகுதியை அடுத்த உள்தேர்வுக்குள் ஈடுகட்டுவதாக அவன் கொடுக்கும் வாக்கும் அதில் இருக்க வேண்டும்.

நீங்கள் யார் பக்கமும் நிற்க வேண்டாம், சகோதரி. அந்த நாட்காட்டி வீட்டுக்கு வந்த அன்று, பரணில் ஏற்றியவர் கையாலேயே பூட்ஸை இறக்கித் தரச் சொல்லுங்கள்.