பூச்சில்லாத இரும்பு ஸ்மோக்கரில் துரு: பொருளின் குறையா, பராமரிப்பின் குறையா?

கேள்வி: பக்கவாட்டில் நெருப்பறை உள்ள பார்பிக்யூ ஸ்மோக்கர் (விறகுப் புகையிலும் சூட்டிலும் உணவை மெல்ல வேகவைக்கும் அடுப்பு) ஒன்றை வாங்கினேன். கனமான தகடு, பெயிண்ட் எதுவும் இல்லாத வெறும் இரும்பு. பெட்டியைப் பிரித்தபோதே கதவின் விளிம்பிலும் வெல்டிங் பற்றுகளைச் சுற்றியும் செம்மஞ்சள் புள்ளிகள் தெரிந்தன. விற்றவரோ, “வெறும் இரும்பு அப்படித்தான் இருக்கும், எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கிக்கொள்ளுங்கள்” என்கிறார். குறைபாடுள்ள பொருள் என்று திருப்பித் தரலாமா?

பதில்: நீங்கள் சொல்வது மேற்பரப்புத் துரு மட்டும் என்றால், அதை வைத்துக்கொண்டு பணத்தைத் திரும்பப் பெறுவது கடினம். ஆலையில் சூடாக உருட்டிய தகட்டின் மேல் நீலச்சாம்பல் நிறத்தில் ஓர் ஆக்சைடு செதில் படிந்திருக்கும். வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் செய்த இடத்திலும் அந்தச் செதில் உடைந்து புது இரும்பு வெளியே தெரிவதால், ஈரக்காற்று பட்டவுடன் முதலில் துருப்பிடிப்பது அங்கேதான். இவ்வகை ஸ்மோக்கர்களின் வாரண்டியில் மேற்பரப்புத் துருவுக்குப் பொறுப்பில்லை என்ற வரி பெரும்பாலும் இருக்கும்; தகடு துருவேறி ஓட்டை விழுவதைச் சிலர் தனியாகக் குறிப்பிடுவார்கள். உங்கள் வாரண்டித் தாளில் இவ்விரண்டும் பிரித்துச் சொல்லப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் எண்ணெயைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. துருப் புள்ளியை உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் செந்தூளாக உதிர்ந்து, அடியில் வழவழப்பான தகடு தெரிய வேண்டும். நகத்தால் வருடும்போது குழி தட்டுப்பட்டாலோ, துரு ஏடு ஏடாகப் பெயர்ந்தாலோ அது பயண ஈரத்தால் வந்ததல்ல. வெகுநாள் வெளியில் கிடந்த சரக்காக இருக்கலாம். பிறகு இருட்டில் உள்ளே ஒரு டார்ச் விளக்கை எரியவிட்டு மூடிப் பாருங்கள். வெல்டிங் பற்றின் வழியே வெளிச்சக் கீற்று தெரிந்தால் பற்று முழுமையாக இல்லை என்று பொருள். இவற்றில் எது இருந்தாலும் துடைக்காமல் அப்படியே படம் எடுத்து, அன்றைக்கே விற்றவருக்கு அனுப்புங்கள். ஒருமுறை நெருப்பு மூட்டிவிட்டால் அது ‘பயன்படுத்திய பொருள்’ ஆகிவிடும், சான்றும் கரியோடு மறைந்துவிடும். விளம்பரத்தில் ‘பழக்கப்பட்டது’ என்றோ ‘வெப்பம் தாங்கும் பெயிண்ட் அடித்தது’ என்றோ சொல்லிவிட்டு வெறும் இரும்பை அனுப்பியிருந்தால் நிலைமையே வேறு; சொன்ன பொருளைத் தரவில்லை என்று நீங்கள் உறுதியாகக் கேட்கலாம்.

கேள்வி: பழக்குவதற்கு ஆளிவிதை எண்ணெய்தான் சிறந்தது என்கிறார் ஒருவர், எந்தச் சமையல் எண்ணெயும் போதும் என்கிறார் இன்னொருவர். வெளிப்புறத்துக்கு எண்ணெயா, பெயிண்டா?

பதில்: எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு எண்ணெய் என்பதே முக்கியம். பூசிய எண்ணெய் வெறுமனே காய்வதில்லை. சூட்டில் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து, அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, இரும்பைப் பற்றிய கடினமான படலமாக மாறுகிறது. நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த கனோலா, சோயா, சூரியகாந்தி எண்ணெய்களில் இது நன்றாக நடக்கும். நிறைவுற்ற கொழுப்பே பெரும்பகுதியாக உள்ள தேங்காய் எண்ணெய் இதற்கு ஏற்றதல்ல. ஆளிவிதை எண்ணெய் மிகக் கடினமான படலம் தரும், ஆனால் அது செதிலாக உரியவும் செய்யும். கூடுதல் விலை கொடுத்து அதைத் தேடிப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெயிண்ட் கடையில் கிடைக்கும் ‘கொதிக்கவைத்த’ ஆளிவிதை எண்ணெயில் விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் கலக்கப்படுவதுண்டு. உணவு வேகும் அறைக்குள் அதைப் பூசக் கூடாது. எந்த ஆளிவிதை எண்ணெயானாலும், அதில் நனைந்த துணியைக் கசக்கிக் குவித்துப் போட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும்; நீரில் நனைத்தோ விரித்து உலர்த்தியோதான் அப்புறப்படுத்த வேண்டும்.

செய்முறை எளிது. தொழிற்சாலையில் தடவிய காப்பெண்ணெயைப் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் கொண்டு உள்ளும் புறமும் கழுவி, துருவைக் கம்பி பிரஷால் தேய்த்தெடுத்து, ஈரம் நிற்க விடாமல் உடனே சிறு நெருப்பிட்டு உலர்த்துங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் எண்ணெயைத் தேய்த்து, பிறகு தவறிப்போய்ப் பூசிவிட்டதைப் போல அத்தனையையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். மிஞ்சும் மினுமினுப்பே போதும். கரியும் விறகும் இட்டு, உள்ளே 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இரண்டு, மூன்று மணி நேரம் வைத்திருங்கள். ஆறியபின் தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டக் கூடாது. ஒட்டினால் எண்ணெய் மிகுதி. மேலும் பூசாமல் சூட்டை மட்டும் இன்னொரு முறை ஏற்றுங்கள்.

நெருப்பறையின் கதை வேறு. அதன் வெளிப்புறத் தகடு, உணவு வேகும் புகை அறையைவிட மிக அதிகமாகச் சூடாவதால் எண்ணெய்ப் படலம் அங்கே எரிந்துபோகும், சாம்பல் நிறத்தில் வெறும் இரும்பு மீண்டும் தலைகாட்டும். அங்கே மட்டும், வெளிப்பக்கத்தில், ஏறத்தாழ 650 டிகிரி வரை தாங்கும் சிலிகோன் பெயிண்ட் அடிப்பது நியாயம். செதிலையும் எண்ணெயையும் முற்றிலும் நீக்காமல் அடித்தால் முதல் நெருப்பிலேயே கொப்பளிக்கும். உட்புறத்தில் எந்தப் பெயிண்டும், துருவை மாற்றும் ரசாயனமும் கூடாது. உள்ளே வைக்கும் கம்பித் தட்டும் துத்தநாகம் பூசியதாக இருக்கக் கூடாது. மிகுந்த சூட்டில் வரும் துத்தநாகப் புகை கெடுதலானது.

கேள்வி: நீர் புகாத உறை போட்டு மூடியும் நெருப்பறையின் அடித்தகடு அரிக்கிறது. கதவின் உட்புறம் கறுப்பாகவும் உரிகிறது. ஏன்?

பதில்: அடித்தகட்டை அரிப்பது சாம்பல். விறகுச் சாம்பலில் உள்ள பொட்டாசியம் உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நனைந்த சாம்பல் நாட்கணக்கில் தகட்டோடு ஒட்டிக் கிடந்தால் எந்தப் படலமும் நிற்காது. ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும், முழுதாக ஆறியதும், சாம்பலை அள்ளி மூடியுள்ள உலோக வாளியில் போட்டுவிட்டு அடித்தகட்டில் எண்ணெய்த் துணியை ஓட்டுங்கள். உறை வெளிமழையைத் தடுக்கும், உள்ளே சேரும் ஈரத்தையும் அடைத்துவைக்கும். எனவே சூடு தணியாமல் உறையிடாதீர்கள்; காற்றுத் திறப்பைச் சற்றே திறந்துவைத்துப் புகைபோக்கியை மட்டும் மூடுங்கள்.

கதவின் உட்புறம் உரிவது பெயிண்ட் அன்று, கொழுப்பும் புகையும் சேர்ந்து கரிந்த படிவு. உணவின் மேல் விழாதபடி மழுங்கிய தகட்டால் சுரண்டிவிட்டால் போதும். அது உலர்ந்த செதிலாக இல்லாமல் தார் போலப் பளபளத்துக் கையில் பிசுபிசுத்தால், விறகு ஈரமாக இருக்கிறது, அல்லது காற்றோட்டத்தை மிகவும் அடக்கிவிட்டீர்கள். அதன்மேல் புது எண்ணெய் பூசாமல், அதை முதலில் சுரண்டியெடுத்து, நன்கு காய்ந்த விறகிட்டுத் திறப்பை அகலமாக வைத்துச் சூடேற்றுங்கள்.