லாக் போட்டால் போதுமா?

அன்புள்ள சார்,

கப்பலூரில் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மின்மீட்டர்களின் அளவுகளைச் சேகரித்து அனுப்பும் பெட்டி செய்கிறோம். உள்ளே லினக்ஸ், நாலு கோர் போர்டு. மீட்டர் பக்கத்து ஹார்டுவேரை லினக்ஸோடு இணைக்கும் மென்பொருளான டிரைவர் நாங்களே எழுதியது. ஆபீஸில் ஒரே ஒரு மீட்டரை மாட்டி ஓட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. விருதுநகர் பக்கம் ஒரு நூற்பாலையில் வைத்ததும் பெட்டி அவ்வப்போது அப்படியே நின்றுவிடுகிறது. டிரைவரை ரிவ்யூ செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வரிவரியாகப் படித்துவிட்டேன், பொதுத் தரவைத் தொடும் இடத்திலெல்லாம் ஸ்பின்லாக் (ஒருவர் வைத்திருக்கும்போது அடுத்தவர் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) இருக்கிறது. இதற்கு மேல் எதைத் தேடுவது?

செ., திருநகர்

அன்புள்ள செ.,

லாக் இருக்கிறதா என்பதோடு, அந்தத் தரவை யார் யார் தொடுகிறார்கள், எந்த நிலையிலிருந்து தொடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நிரலை மேலிருந்து கீழாகப் படித்தால் இது கண்ணில் படாது. டிரைவரின் தரவுத் தொகுப்பான ஸ்ட்ரக்சரில் உள்ள ஒவ்வொரு உறுப்பையும் எடுத்து, அதைப் படிக்கும் இடம், எழுதும் இடம் எல்லாவற்றையும் தேடிக் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, இது புரோகிராம் கூப்பிட்டு வந்த வழியா, டைமரா, இன்டரப்ட் ஹேண்ட்லரா (ஹார்டுவேர் குறுக்கிட்டுக் கூப்பிட்டதும் ஓடும் ஃபங்ஷன்) என்றும் எழுதுங்கள்.

உங்கள் பெட்டி விஷயத்தில் என் முதல் சந்தேகம் இது. புரோகிராம் தரவு கேட்டதும் ஓடும் ரீட் ஃபங்ஷன் வெறும் ஸ்பின்_லாக் போட்டுத் தரவைத் தொடுகிறது. அந்த நேரம் பார்த்து அதே கோரில் இன்டரப்ட் வருகிறது. ஹேண்ட்லரும் அதே லாக்கைக் கேட்டுச் சுற்றிக்கொண்டிருக்கும். லாக்கை வைத்திருக்கும் ரீட் ஃபங்ஷனோ, ஹேண்ட்லர் முடிந்தால்தான் மேலே ஓட முடியும். அந்த கோர் அதோடு சரி. மற்ற கோர்களும் அந்த லாக்கைக் கேட்கும்போது ஒவ்வொன்றாகச் சிக்கும். இன்டரப்ட் வேறு கோரில் வந்திருந்தால் ஹேண்ட்லர் கணநேரம் காத்திருந்து லாக்கை வாங்கிக்கொண்டு போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. ஒரு மீட்டரோடு ஆபீஸில் ஓடியபோது இந்தச் சந்திப்பு நேராமல் போக வாய்ப்பு அதிகம். ஆலையில் மீட்டர்கள் கூடும்போது இன்டரப்டும் கூடுகிறது.

ரீட் பக்கம் ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூசேவ் வேண்டும். அது லாக் எடுக்கும்போது அந்த கோரில் இன்டரப்டை நிறுத்தி, விடும்போது பழைய நிலைக்கே திருப்பிவிடும். ஒரே ஹேண்ட்லர்தான் அந்த லாக்கைத் தொடுகிறது என்றால், அதற்குள் சாதாரண ஸ்பின்_லாக் போதும். ‘சேவ்’ இல்லாத ஸ்பின்_லாக்_ஐஆர்க்யூ வடிவத்தைக் கண்டால், கூப்பிட்டவர் யார் என்று பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அவர் ஏற்கெனவே இன்டரப்டை நிறுத்தியிருந்தால், இந்த அன்லாக் அதைத் திறந்துவிட்டுவிடும்.

அதற்காக ஐஆர்க்யூசேவை எங்கும் தூவிவிட்டுப் போய்விடாதீர்கள். லாக்குக்குள் தூங்கக்கூடிய (கோரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக்கூடிய) எதுவும் இருக்கக்கூடாது: மியூட்டெக்ஸ், எம்ஸ்லீப், ஜிஎஃப்பி_கெர்னலோடு மெமரி கேட்பது. ரிவ்யூவில் அதிகம் தப்பிப்பது, தரவைப் பயனர் புரோகிராமுக்கு நகலெடுக்கும் காப்பி_டு_யூசர். பயனரின் பேஜ் மெமரியில் தயாராக இருந்தால் அது தூங்காது, அதனால் சாதாரணச் சோதனையில் பிடிபடாது. தரவை லாக்குக்குள் ஒரு தற்காலிக பஃபருக்கு எடுத்து, லாக்கை விட்ட பிறகு பயனருக்குக் கொடுங்கள்.

டிரைவரை இறக்கும் வழியை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை, அங்கேயும் வில்லங்கம் இருக்கிறது. இன்டரப்டை நிறுத்தும் டிசேபிள்_ஐஆர்க்யூ, ஹேண்ட்லரை விலக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருக்கும். அந்த ஹேண்ட்லருக்கு வேண்டிய லாக்கைக் கையில் வைத்துக்கொண்டே இவற்றைக் கூப்பிட்டால் இரண்டு பேரும் நகர முடியாது. ஏற்றும்போது, லாக்கைத் தயார் செய்த பிறகுதான் ஹேண்ட்லரைப் பதிவு செய்யும் ரிக்வெஸ்ட்_ஐஆர்க்யூ வர வேண்டும். அதைக் கூப்பிட்ட கணத்திலிருந்தே இன்டரப்ட் வரலாம்.

அப்புறம், லாக்டெப். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே உள்ள, லாக் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி. 2006-இல் 2.6.18 கெர்னலோடு வந்தது. கெர்னலைக் கட்டும்போது கான்ஃபிக்_ப்ரூவ்_லாக்கிங் என்ற தேர்வைப் போட்டு ஆபீஸிலேயே ஓட்டுங்கள். பெட்டி நிற்கும்வரை அது காத்திருக்காது. ஒரு லாக் ஹேண்ட்லருக்குள் ஒரு தடவையும், இன்டரப்ட் திறந்த நிலையில் இன்னொரு தடவையும் எடுக்கப்பட்டதைக் கண்டாலே சொல்லிவிடும். தூங்கும் பிழைக்கு கான்ஃபிக்_டீபக்_அட்டாமிக்_ஸ்லீப் இருக்கிறது. இரண்டும் வேகத்தைக் குறைக்கும், ஆலைக்கு அனுப்பும் கெர்னலில் வேண்டாம்.

லாக்டெப் ஓடிய வழியை மட்டுமே பார்க்கும். எர்ரர் வந்து திரும்பும் வழிகளையும் வலிந்து ஓட்ட வேண்டும்: மீட்டர் ஒயரை நடுவில் பிடுங்குங்கள், டிரைவரைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குங்கள். எந்த லாக் எந்த உறுப்புகளைக் காக்கிறது என்ற கமெண்ட் ஸ்ட்ரக்சருக்கு மேலேயே இருக்கட்டும். அது இல்லாத டிரைவரை நானாக இருந்தால் ரிவ்யூவில் திருப்பி அனுப்பிவிடுவேன். நீங்களும் அனுப்பலாம்.