சுருள்வில்லை இழுக்கும் வேலை: 12 ஜூலா, 4 ஜூலா, 8 ஜூலா?

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சுருள்வில் மாறிலி (வில்லை ஒரு மீட்டர் நீட்டத் தேவையான விசை) மீட்டருக்கு 200 நியூட்டன் கொண்ட ஒரு சுருள்வில், ஏற்கெனவே 10 செ.மீ. நீண்டிருக்கிறது, அதை 30 செ.மீ. நீட்சிக்கு இழுக்கத் தேவையான வேலை என்ன என்பது கணக்கு. அவள் 12 ஜூல் என்று எழுதினாள். பயிற்சி மையம் தந்த குறுக்குவழிப்படி 4 வருகிறது. விடைக்குறிப்பிலோ 8. எது சரி? தொகையிடல் இல்லாமல் போடவே முடியாதா?

பதில்: 8 ஜூல்தான் சரி. உங்கள் மகள், இழுத்து முடித்த இடத்தில் இருந்த 60 நியூட்டன் விசையை 0.2 மீட்டரால் பெருக்கியிருக்கிறார். விசை வழிநெடுக மாறாமல் இருந்தால் மட்டுமே அப்படிப் பெருக்கலாம். இங்கே தொடக்கத்தில் 20 நியூட்டனாக இருந்த விசை, வில் நீள நீளக் கூடி, முடிவில்தான் 60-ஐத் தொடுகிறது. ஆகவே பாதையை மிகச் சிறிய துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் நீளத்தையும் அங்குள்ள விசையால் பெருக்கி, அனைத்தையும் கூட்ட வேண்டும். அந்தக் கூட்டலுக்குப் பெயர்தான் தொகையிடல். 200 × நீட்சி என்ற விசையைத் தொகையிட்டால் 100 × நீட்சி² கிடைக்கும், அதில் 0.3 மீட்டரை இட்டால் 9, 0.1 மீட்டரை இட்டால் 1, கழித்தால் 8.

மையத்தின் குறுக்குவழியில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அதில்தான். மாறிலியில் பாதியை நீட்சியின் வர்க்கத்தால் பெருக்கும் வாய்ப்பாடு, வில் இயல்பு நீளத்திலிருந்து இழுக்கப்படும்போதுதான் அப்படியே பொருந்தும். அந்த நிபந்தனையை விழுங்கிவிட்டு, 0.2-ஐ வர்க்கப்படுத்தச் சொல்லிக் கொடுப்பவர்கள், இரு வர்க்கங்களின் வித்தியாசமும் வித்தியாசத்தின் வர்க்கமும் ஒன்றே என்று பிள்ளைகளை நம்பவைக்கிறார்கள். இத்தகைய வாய்ப்பாட்டுத் தாள்களைத் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்பதை நான் நாகரிகமான ஏமாற்று என்றே சொல்வேன்.

தொகையிடாமல் போட ஒரு வழி உண்டு. 20-க்கும் 60-க்கும் சராசரி 40, அதை 0.2-ஆல் பெருக்கினால் அதே 8. ஆனால் விசை, தூரத்தோடு நேர்கோட்டில் மாறினால் மட்டுமே இது செல்லும். அதாவது விசையைத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் கோடு வளையக் கூடாது. சற்றே வளைந்தாலும் இவ்வழியைக் கைவிட வேண்டும். விசை 3 × தூரம்² என்று மாறும் கணக்கில், 0-விலிருந்து 2 மீட்டர் வரை தொகையிட்டால் 8 ஜூல் வரும். தொடக்க விசை 0, இறுதி விசை 12, சராசரி 6 என்று போட்டால் 12 ஜூல் என்ற தவறான விடை வரும். விசை நேரத்தோடு சீராகக் கூடுகிறது என்று வினாவில் இருந்தாலும் இந்தச் சராசரியை நம்ப வேண்டாம். இங்கே நமக்கு வேண்டியது தூரத்தைப் பொறுத்த சராசரி.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. மாநிலப் பாடத்திட்டத்தில் மாறும் விசை செய்யும் வேலை, பதினோராம் வகுப்பு இயற்பியலின் முதல் தொகுதியிலேயே வந்துவிடுகிறது. கணிதத்தில் தொகையிடல் இரண்டாம் தொகுதியில்தான் தலைகாட்டுகிறது. மேல் எல்லை, கீழ் எல்லையிட்டுத் தொகையிடுவதை முறையாகப் படிக்கப் பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டும். இரு பாடநூல்களையும் அருகருகே வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை போலும்!

தேர்வில் முதலில் செ.மீ.-ஐ மீட்டராக மாற்றிவிட்டு, தொடக்க நீட்சியைக் கீழ் எல்லையாகவும் இறுதி நீட்சியை மேல் எல்லையாகவும் எழுதச் சொல்லுங்கள். வினா "சுருள்வில் செய்த வேலை" என்று கேட்டால் மட்டும் விடை −8 ஜூல். இழுப்பவர் செய்த வேலை என்றால் +8.