தீவுக்குப் போகிறவர்களும் பகற்கொசுவும்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

விடுமுறைக்கு அந்தமான், மாலத்தீவு, இலங்கை, மொரீஷியஸ் என்று தீவுகளுக்குக் கிளம்பவிருக்கும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டத்து அன்பர்கள் கொசுக்கடி பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் பொதுச் சுகாதாரத் துறையின் பூச்சியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், மருத்துவன் அல்லன். மாத்திரை பற்றிக் கேட்பவர்களை மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

கேள்வி (கும்பகோணம்): ஐயா, கும்பகோணத்துக்காரர்களுக்குக் கொசு புதிதா? சாக்கடையே இல்லாத, நல்ல வெயிலும் கடற்காற்றும் உள்ள மாலத்தீவில் கொசுவுக்கு ஏன் பயப்பட வேண்டும்? இரவில் கொசுவலை கட்டிக்கொண்டால் போதாதா?

பதில்: உங்களுக்குப் பழக்கமான கொசு வேறு, அங்கே உங்களைக் கடிக்கப்போகும் கொசு வேறு. கும்பகோணத்தின் பெயரோடு யானைக்கால் நோயைச் சேர்த்துப் பேசிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த நோயைப் பரப்பிய கியூலெக்ஸ் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் முட்டையிட்டு, ஊர் அடங்கிய பிறகு வந்து கடிக்கும். அந்நோயின் நுண்புழுக்களும் அதற்கேற்பப் பகலில் உடலின் உள்ளே ஒதுங்கியிருந்து, இரவில்தான் தோலுக்கு அருகிலுள்ள ரத்தத்துக்கு வரும். எங்கள் களப்பணியாளர்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டி, தூங்குகிறவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுத்ததற்குக் காரணம் இதுதான். அவர்கள் வாங்கிய வசவுக்கு அளவே இல்லை. தலைமுறை தலைமுறையாக இப்படிப்பட்ட கொசுவோடு வாழ்ந்ததால், கொசு என்றால் இரவு, கொசு என்றால் சாக்கடை என்று நம் மனத்தில் பதிந்துவிட்டது.

தீவில் உங்களைத் தேடி வருவது பெரும்பாலும் ஏடிஸ் இனக் கொசு. உடலிலும் கால்களிலும் வெள்ளை வரிகள் கொண்ட இக்கொசு தெளிந்த நீரில்தான் வளரும்: பூந்தொட்டித் தட்டு, காலித் தேங்காய்ச் சிரட்டை, கவிழ்க்காமல் விட்ட படகு, மழைநீர்த் தொட்டி, தாழை போன்ற செடிகளின் இலைக்கணு என்று எங்கே நல்ல தண்ணீர் தேங்கினாலும் அதற்குப் போதும். அழகுக்காகத் தோட்டம் வைத்திருக்கும் விடுதியில் இவை அனைத்தும் இருக்கும். விடிந்து இரண்டு மூன்று மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முந்தைய சில மணி நேரமும் அதற்குச் சுறுசுறுப்பான வேளைகள். நிழலான இடமாக இருந்தால் நண்பகலிலும் கடிக்கும். டெங்கு, சிக்குன்குனியா, ஜிகா மூன்றையும் பரப்புவது இந்த இனமே. மலேரியா ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015-இல் மாலத்தீவுக்குச் சான்றிதழ் கொடுத்துவிட்டது. டெங்கு அங்கே இன்னமும் இருக்கிறது. ஆகவே இரவு வலையை மட்டும் நம்பிப் போகிறவர், திருடன் பகலில் வரும் வீட்டில் இரவுக்கு மட்டும் காவல் வைத்தவர் ஆவார். பகலில் உறங்கும் குழந்தைக்கும் பெரியவர்களுக்கும் வலையைப் பகலிலேயே கட்டுங்கள்.

கடற்காற்றைப் பற்றி நீங்கள் சொன்னதில் பாதி உண்மை உண்டு. கொசு வலுவாகப் பறக்கும் பூச்சி அன்று. காற்று வீசும் திறந்த மணலில் அது நிற்க மாட்டாது. நீங்கள் வெயில் தாங்காமல் தென்னை நிழலுக்கோ, கூரை வேய்ந்த உணவகத்துக்கோ ஒதுங்குவீர்கள் அல்லவா, அது அங்கேதான் காத்திருக்கும். மேசைக்கடியில் கால்களைக் கடிக்கும். எழுத்தில் இத்தனை சொல்லும் நானே, அந்தமானில் ஒரு மரத்தடியில் மத்தியான நேரம் அரைக்கால் சட்டையோடு கண்ணயர்ந்து, இரண்டு கணுக்கால்களும் தடித்துப்போய் எழுந்தவன்.

கேள்வி (தஞ்சாவூர்): கடையில் விதவிதமான களிம்புகள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முன்பக்கத்து இலைப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உள்ள வேதிப்பொருளின் பெயரையும் சதவீதத்தையும் படியுங்கள். டீட் அல்லது பிகாரிடின் 20 சதவீத அளவில் இருந்தால் பல மணி நேரம் தாங்கும். நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் களிம்பில் பெரும்பாலும் டைஎத்தில் பென்சமைடு 12 சதவீதம் இருக்கும். அதுவும் வேலை செய்யும், ஆனால் வியர்வையும் கடல்நீரும் பட்டால் அடிக்கடி பூச வேண்டும். சதவீதம் கூடினால் விரட்டும் வலிமை கூடுவதாகப் பலர் நினைக்கிறார்கள். கூடுவது பெரும்பாலும் தாங்கும் நேரம்தான்.

அமெரிக்காவில் ஏடிஸ் கொசுக்களை வைத்து நடத்தி 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 23.8 சதவீத டீட் சராசரியாக ஐந்து மணி நேரம் காத்தது. சிட்ரோனெல்லா எண்ணெய் கலந்தவை 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. கையில் கட்டும் கொசுவிரட்டிப் பட்டைகள் எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பட்டைக்குச் செலவழிக்கும் பணத்தில் இளநீர் குடியுங்கள். டீட் பிளாஸ்டிக்கைக் கரைக்கும் குணமுள்ளது என்பதையும் நினைவில் வையுங்கள். மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், ரேயான் துணி ஆகியவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிகாரிடினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி (மயிலாடுதுறை): வெயிலுக்கு சன்ஸ்கிரீன் பூச வேண்டும் என்கிறார்கள், கொசுவுக்கும் களிம்பு பூச வேண்டும் என்கிறீர்கள். எது முதலில்? இரண்டும் கலந்தது வாங்கலாமா?

பதில்: முதலில் சன்ஸ்கிரீன், அது தோலில் ஊறிய பிறகு, அதன்மேல் கொசுவிரட்டி. கலவை வேண்டாம். சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாராளமாகப் பூச வேண்டும், கொசுவிரட்டியை அவ்வளவு அடிக்கடி பூசக்கூடாது. ஒரே குப்பியில் இருந்தால் ஒன்று குறையும் அல்லது மற்றது மிகும். டீட் படும்போது சன்ஸ்கிரீனின் காக்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு வரை குறைவதாகவும் கண்டிருக்கிறார்கள். ஆகவே தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அவசியம். துணியால் மூடிய இடத்தில் களிம்பு பூச வேண்டியதில்லை. வெளியே தெரியும் தோலுக்கு மட்டும் போதும்.

கேள்வி (நாகப்பட்டினம்): எங்கள் ஊரிலிருந்தே காங்கேசன்துறைக்குக் கப்பல் போவதால், மார்கழியில் யாழ்ப்பாணமும் நயினாதீவும் நெடுந்தீவும் பார்க்க எண்ணியுள்ளோம். இலங்கையில் மலேரியா இல்லை என்கிறார்களே?

பதில்: இல்லை என்பது சரி. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. நம் பக்கத்தில் இவ்வளவு பெரிய வெற்றி கிடைத்தும் நாம் அதைப் போதிய அளவு பேசவில்லை என்பது என் மனக்குறை. அதே ஆண்டு இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கொசு முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னையில் கிணறுகளிலும் மாடித் தொட்டிகளிலும் வளர்ந்து மலேரியாவைப் பரப்பும் அதே கொசுதான். அதனால் அவர்கள் விழிப்பாக இருக்கிறார்கள். இந்தியாவிலிருந்து போகிறவருக்குக் காய்ச்சல் என்றால் ரத்தம் சோதிப்பார்கள், ஒத்துழையுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது டெங்குவைப் பற்றி. 2017-இல் இலங்கை முழுவதும் 1,86,000-க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளிகள் பதிவானார்கள். நமக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவமழைதான் யாழ்ப்பாணத்துக்கும். மழை விட்டுவிட்டுப் பெய்யும் மார்கழியை ஒட்டிய மாதங்களே அங்கும் டெங்குக் காலம். இன்னொன்று, உப்புநீரில் ஏடிஸ் வளராது என்றே நாங்கள் படித்திருந்தோம். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் உவர்நீர் தேங்கிய கிணறுகளிலும் கலன்களிலும் அதன் புழுக்கள் வளர்வதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டு 2011-இல் வெளியிட்டார்கள். ஆகவே கடலோரம் என்பதற்காக அசட்டையாக இருக்க வேண்டாம். கோயில் பிரகாரத்தில் வெறுங்காலோடு நிற்கும் பெண்கள் புடைவைக்குக் கீழே கணுக்காலுக்கும் பாதத்தின் மேற்புறத்துக்கும் பூசிக்கொண்டு செல்வது நல்லது.

கேள்வி (திருவையாறு): எட்டு மாதக் குழந்தையும், நான்கு மாதக் கர்ப்பிணியான என் மருமகளும் உடன் வருகிறார்கள். களிம்பு பூசலாமா?

பதில்: அம்மா, இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு எதையும் பூசக்கூடாது. எட்டு மாதக் குழந்தைக்கும் முதல் காப்பு வலைதான். தொட்டிலுக்கும் தள்ளுவண்டிக்கும் மேலே சுற்றிலும் வலை போடுங்கள். களிம்பு தேவைப்பட்டால் எது, எவ்வளவு என்று குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டு, உங்கள் உள்ளங்கையில் எடுத்து மெல்லத் தடவுங்கள். குழந்தை கையை வாயில் வைக்கும், கண்ணைக் கசக்கும். ஆகையால் கைகளில் பூசவே வேண்டாம். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் கலந்ததை மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தவிர்க்க வேண்டும்; இயற்கைப் பொருள் என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

மருமகளைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். டீட், பிகாரிடின் இரண்டையும் கர்ப்பிணிகள் குப்பியில் எழுதியபடி பயன்படுத்தலாம். ஆனால் 2007-இல் பசிபிக் கடலின் யாப் தீவில் பெரிய அளவில் வெளிப்பட்டு, பிறகு பல தீவுகளுக்கும் நாடுகளுக்கும் பரவிய ஜிகா, கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. போகும் இடத்தில் அப்போது ஜிகா இருக்கிறதா என்பதை மகப்பேறு மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே பயணச்சீட்டு எடுங்கள். தீவு எங்கும் போய்விடாது.

கேள்வி (பட்டுக்கோட்டை): அந்தமானில் கடற்கரை மணலில் உட்கார்ந்தால் ஏதோ கடித்து வாரக்கணக்கில் அரிக்கிறது என்று நண்பர் சொன்னார். அது என்ன கொசு?

பதில்: அது கொசுவே அன்று. மணல் ஈ என்று அங்கே சொல்லப்படும், கண்ணுக்குச் சரியாகப் புலப்படாத பொடிப் பூச்சி. ஈர மணலிலும் அலையாத்திக் காட்டோரத்திலும் வளரும். காலையிலும் மாலையிலும் காற்றில்லாத வேளையில் கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்ணில் புகுந்துவிடும் அளவுக்குச் சிறியது. வெறும் மணலில் படுக்காமல் கெட்டியான விரிப்போ சாய்வு நாற்காலியோ பயன்படுத்துங்கள். கால்களில் தேங்காய் எண்ணெயைக் கெட்டியாகத் தடவினால் பூச்சி அதிலேயே ஒட்டிக்கொள்ளும் என்பது அங்குள்ளவர்களின் கைவைத்தியம். கொசுவிரட்டிக்கு மாற்றாக அதைக் கருத வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். அந்தமான் நிக்கோபாரில் அனோபிலிஸ் சுண்டைக்கஸ் என்ற கொசு கடலோர உவர்நீர்த் தேக்கங்களில் வளர்ந்து மலேரியாவைப் பரப்புகிறது. அது இரவில் கடிப்பது. ஆகவே அங்கே பகற்காப்பு, இரவுக்காப்பு இரண்டும் வேண்டும். அதைவிட வியப்பானது நிக்கோபாரின் நான்கௌரித் தீவுகளில் உள்ள யானைக்கால் நோய். அங்கே அதைப் பரப்புவது பகலில் கடிக்கும் காட்டுக் கொசு என்பதால், அதன் நுண்புழுக்கள் பகலிலும் ரத்தத்தில் தாராளமாகத் திரிகின்றன! கும்பகோணத்தில் இரவு ஒன்பது மணிக்குக் கதவைத் தட்டிய எங்களுக்கு இதைப் படித்தபோது பொறாமையாக இருந்தது. அந்தத் தீவுகளுக்குச் சுற்றுலாப் பயணிகளைப் பொதுவாக அனுமதிப்பதில்லை என்பதால் உங்களுக்கு இதனால் கவலை இல்லை.

கேள்வி (மன்னார்குடி): நொச்சி, வேப்பிலைப் புகை நம் முன்னோர் கண்டது. பூண்டு தின்றாலும், வைட்டமின் மாத்திரை போட்டாலும், கைப்பேசிச் செயலி வைத்தாலும் கொசு வராது என்கிறார்களே?

பதில்: மாட்டுக்கொட்டகையில் நொச்சிப் புகை போடுவதை நான் குறைசொல்ல மாட்டேன், புகை இருக்கும் வரை கொசு விலகும். கடற்கரையில் அதை எங்கே மூட்டுவீர்கள்? பூண்டு, வைட்டமின், செயலி மூன்றும் பயனற்றவை.

மறு கேள்வி (மன்னார்குடி): அப்படியானால் விடுதி அறையில் கொசுவத்திச் சுருளாவது ஏற்றலாமா?

பதில்: சாத்திய அறையில் வேண்டாம். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகையிலுள்ள அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. சன்னல் வலை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்து, மின்விசிறியை வேகமாக ஓடவிட்டு, அதன் காற்று காலில் படும்படி படுங்கள். விசிறி கொசுவைத் தள்ளுவதோடு, நம் மூச்சுக்காற்றின் தடயத்தையும் கலைத்துவிடுகிறது.

கேள்வி (வேதாரண்யம்): திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பதில்: டெங்கு பெரும்பாலும் கடிபட்ட 4 முதல் 10 நாட்களில் வெளிப்படும், மலேரியா வாரங்கள் கழித்தும் வரும். மருத்துவரிடம் போனதும் எந்தத் தீவுக்கு எப்போது போனீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகளைத் தாமாக விழுங்கக்கூடாது. டெங்குவாக இருந்தால் அவை ரத்தக்கசிவை மோசமாக்கும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமாலும் நிறைய நீராகாரமும் போதும். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று நிம்மதியடையும் அந்த ஓரிரு நாட்களில்தான் டெங்குவின் ஆபத்து அதிகம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலாய் இருப்பவரை வலைக்குள் படுக்க வையுங்கள். அவரைக் கடித்த உள்ளூர் ஏடிஸ் கொசு தெருவுக்கே நோயைக் கொண்டுபோகும்.

கேள்வி (திருவாரூர்): பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். வீட்டில் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

பதில்: அவசியம் உண்டு. முட்டை கொசுவாக வெளிவர வெப்பமான காலத்தில் ஏழு முதல் பத்து நாள் போதும். நீங்கள் திரும்பும் நாளும் அதுவும் பொருந்திவிடும். தொட்டி, அண்டா, குடம், குளிர்சாதனப்பெட்டியின் பின்புறத் தட்டு ஆகியவற்றில் உள்ள நீரை வெறுமனே கொட்டாமல், உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் முட்டைகள் நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் உயிரோடு இருந்து, மீண்டும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். மாடித் தொட்டியின் மூடியைத் துணி சுற்றி இறுக்கமாக மூடுங்கள், கழிப்பறைக் கோப்பையின் மூடியையும் கவிழ்த்துவிடுங்கள்.