அரைமண்டியில் உட்கார வைத்து அளவெடுங்கள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு. கேரளப் பள்ளிகளின் கலைவிழாவான கலோத்ஸவத்தில், உபஜில்லா அளவில், பரதநாட்டியத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள், இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கோயம்புத்தூரில் புடவை எடுத்து உள்ளூர் டெய்லரிடம் பைஜாமா மாடலில் தைக்கக் கொடுத்தார்களாம். "நின்றால் பொம்மை மாதிரி இருக்கிறாள் அக்கா. அரைமண்டி போட்டால் விசிறி பாதிதான் விரிகிறது. பைஜாமா தொடை சேருகிற இடத்தில் இரண்டு தடவை கிழிந்துவிட்டது. கையைத் தூக்கினால் ரவிக்கை ஏறி வயிறு தெரிகிறது. டெய்லர் இனி ஒன்றும் செய்ய முடியாது என்கிறார். டான்ஸ் கிளாஸ் வழியாக வந்த ஒருவர் 14,000 ரூபாய்க்குப் புது செட் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் பழைய உஷா மிஷின் இருக்கிறது, நேர்த்தையல் போடத் தெரியும். நானே சரிசெய்ய முடியுமா, இல்லை வேறு மிஷின் வேண்டுமா?"

வேண்டாம் அம்மணி. மிஷினும் வேண்டாம், 14,000 ரூபாய் செட்டும் வேண்டாம். நீங்கள் சொன்ன மூன்று கோளாறும் ஒரே கோளாறுதான். பிள்ளையை நிற்க வைத்து டேப் பிடித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கப்போகிறவளுக்கு அப்படி அளவெடுக்கலாம். இவள் மேடையில் முக்கால்வாசி நேரம் அரைமண்டியில், அதாவது முட்டியை விரித்துப் பாதி உட்கார்ந்தபடி, இருக்கப்போகிறவள். போன வாரம் என் மேசைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு நிற்கும்போது முட்டிக்கு முட்டி 6 அங்குலம், அரைமண்டியில் 23 அங்குலம், நாட்டடவில் ஒரு காலை நீட்டியதும் அதற்கும் மேலே போயிற்று. டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில் விசிறியை, அதாவது முன்னால் இரண்டு காலுக்கும் நடுவில் வரும் மடிப்புத் துணியைப் பாருங்கள், கிழிசலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஏனென்றால் கிழிப்பதே விசிறிதான். அதன் இரண்டு ஓரமும் பைஜாமாவின் உள்காலோடு சேர்த்துத் தைத்திருக்கும். விசிறியில் துணி போதவில்லை என்றால் அது இரண்டு காலையும் கயிறு போட்டுக் கட்டிய மாதிரி இழுத்துப் பிடிக்கும். பிள்ளை பலம் கொடுத்து முட்டியைத் திறப்பாள், அந்த இழுப்பு முழுக்க மேலே போய்த் தொடை சேருகிற இடத்தில் விழும். டெய்லர் அந்த இடத்தையே இரண்டு தடவை, மூன்று தடவை ஓட்டி ஓட்டித் தைப்பார். தையல் நிற்கும், பக்கத்துத் துணி கிழியும். உங்களுக்கு இரண்டாவது தடவை கிழிந்தது பழைய தையலில் இல்லை, அதற்கு அரை அங்குலம் தள்ளித்தான், சரியா?

விசிறியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மடிப்பு கலையாமல் இருக்க வேண்டும் என்று முட்டி உயரத்துக்குக் கீழேயும் குறுக்கே தையல் ஓட்டியிருந்தால் அதைப் பிரித்துவிடுங்கள். பலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். மடிப்பு தானாகத் திரும்பி மூடவேண்டும் என்றால் பின்பக்கம் கால் அங்குல எலாஸ்டிக் ஒன்றை வைத்து, ஒவ்வொரு மடிப்பின் பின்முனையிலும் கையால் இரண்டு தையல் போட்டால் போதும். அதை இழுத்து வைத்துத் தைக்காதீர்கள், தளர்வாகக் கிடக்கட்டும்.

பிரித்த பிறகும் விரியவில்லை என்றால் துணியே குறைவு. பிள்ளையை அரைமண்டியிலும் நாட்டடவிலும் நிறுத்தி முட்டிக்கு முட்டி அளந்து, எது பெரிதோ அதோடு 4 அங்குலம் சேருங்கள். விசிறியை முழுக்க விரித்துப் பிடித்தால் அந்த அகலம் வரவேண்டும். குறைகிற துணியை மடிப்பின் உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில், ஒட்டுப் போட்டு நுழைத்துவிடலாம். அதற்கு அதே துணி வேண்டுமே என்பீர்கள்.

மிச்சத் துணி எங்கே? புடவை ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தைத்தால் கட்டாயம் மிச்சம் விழும், பாடரோடு சேர்த்தே விழும். அதை யாரும் கேட்பதில்லை, டெய்லரும் கொடுப்பதில்லை. "கட்டிங்கில் போச்சு" என்று ஒரு வார்த்தை. எங்கே போச்சு? அடுத்த பிள்ளையின் இடுப்புப் பட்டைக்குப் போச்சு. நான் இந்தத் தொழிலில் இருந்துகொண்டே சொல்கிறேன், கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். துணி கொடுக்கும்போதே டேப் வைத்து அளந்து, மீட்டர் கணக்கைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், விரலகலத் துண்டானாலும் திரும்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

இனி பைஜாமா. இரண்டு தொடையின் உள்தையலும் வந்து சேருகிற புள்ளியிலிருந்து இந்தப் பக்கம் 5 அங்குலம், அந்தப் பக்கம் 5 அங்குலம் உள்தையலைப் பிரியுங்கள். முன்னும் பின்னும் போகிற நடுத்தையலைத் தொடாதீர்கள். விசிறி சேர்த்த தையல் இன்னும் கீழே இருக்கும், அதுவும் அப்படியே இருக்கட்டும். பிரித்த இடம் நீளமான வாய் மாதிரி திறக்கும். அதே நிறத்தில் நல்ல பாப்ளின் துணியில் 6 அங்குலச் சதுரம் வெட்டுங்கள். சுற்றிலும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 5 அங்குலம் நிற்கும். சதுரத்தைப் பட்டம் மாதிரி திருப்பிப் பிடித்தால் இரண்டு மூலை தொடைப் பக்கம் பிரித்து நிறுத்திய முனைகளுக்கும், மற்ற இரண்டு மூலை முன்பின் நடுத்தையலுக்கும் போகும். மூலைக்கு வந்ததும் ஊசி துணிக்குள் இருக்கும்படி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, துணியைத் திருப்பி, மறுபடி இறக்கித் தையுங்கள். முதலில் ஒரு பழைய லுங்கியில் தைத்துப் பாருங்கள். ஒரு தடவை கோணும், இரண்டாம் தடவை வந்துவிடும்.

நூல் பாலியெஸ்டர் நூலாக இருக்கட்டும். அது கொஞ்சம் இழுபடும், பருத்தி நூல் பட்டென்று அறுந்துவிடும். நான்கு மூலையிலும் மிஷினை நம்பாமல் கையால் பின்தையல் போட்டுவிடுங்கள், அதுவும் நெகிழ்ந்து கொடுக்கும்.

ரவிக்கைக்கு வருவோம். கை தூக்க வரவில்லை என்று போய்ச் சொன்னால் டெய்லர்கள் செய்கிற முதல் காரியம் கைக்குழியை இன்னும் கீழே இறக்கி வெட்டுவது. அதுதான் வினை! வீட்டில் யாராவது தொளதொளவென்று கைக்குழி இறங்கிய சட்டை போட்டிருந்தால் கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள், சட்டை இடுப்பிலிருந்து முழுதாக மேலே வரும். அக்குளை ஒட்டி வெட்டிய சட்டையில் கை மட்டும் போகும், சட்டை இருந்த இடத்தில் இருக்கும். உங்களுடையது ஏற்கெனவே இறங்கிவிட்டது. மேலே ஏற்றி வெட்ட முடியாது, ஆனால் பைஜாமாவுக்குச் செய்த அதே வைத்தியத்தைச் சின்ன அளவில் செய்யலாம். அக்குளிலிருந்து கைத்தையலில் 3 அங்குலம், பக்கத்தையலில் 3 அங்குலம் பிரித்து, 4 அங்குலச் சதுரம் ஒன்றைப் பட்டமாக வைத்துத் தையுங்கள். பிறகு நாட்டியாரம்ப நிலையில், தோள் உயரத்தில் பக்கவாட்டில் கையை நீட்ட வைத்துப் பாருங்கள். கொக்கிகளை ஒன்றை இடப்பக்கம் பார்த்தும் அடுத்ததை வலப்பக்கம் பார்த்தும் மாற்றி மாற்றி வையுங்கள், பிள்ளை மூச்சு வாங்கும்போது எல்லாம் சேர்ந்து கழன்றுவிடாது. வெல்குரோ வேண்டாம், பட்டுத் துணியையும் தலைமுடியையும் பிடித்து இழுக்கும்.

"இது பாரம்பரியக் கட்டிங், ஒட்டுத் துண்டெல்லாம் வைக்கக்கூடாது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். நாம் இன்று போடுகிற தைத்த உடுப்புக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி 1935-ல் அடையாறில் மேடையேறிய காலத்தில், ஒரு இத்தாலியத் தையல்காரப் பெண்மணியைக் கூட வைத்துக்கொண்டு வடிவமைத்ததில் இருந்து வளர்ந்தது இது. ஆடுகிற உடம்புக்கு வசதி வேண்டும் என்றுதான் தைக்கவே ஆரம்பித்தார்கள்.

மிஷின் பற்றிக் கேட்டீர்கள். கருப்பு உஷா தாராளம். மாற்ற வேண்டியது ஊசி. பட்டுக்கு 11-ம் நம்பர் ஊசி. இடுப்பில் நாலைந்து மடிப்பு சேருகிற இடத்தில் 16-ம் நம்பர் போட்டு, ஜரிகை மேல் போகும்போது மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஜரிகை ஊசி முனையை மழுக்கிவிடும், மழுங்கிய ஊசி பட்டு இழையை இழுத்துக் கோடு விழ வைக்கும். இந்த உடுப்பு ஒன்றுக்கே இரண்டு ஊசி போனாலும் கவலைப்படாதீர்கள். எண்ணெய் போட்டால் பழைய துணியில் நாலு முழம் ஓட்டிவிட்டுத்தான் பட்டுத் துணியை வைக்கவேண்டும். குண்டூசியைத் தையலுக்கு உள்ளே போகிற ஓரத்தில் மட்டும் குத்துங்கள், பட்டில் விழுந்த ஓட்டை போகாது. இஸ்திரி போடும்போது மேலே ஒரு காட்டன் துணி.

ஒரே ஒரு இடத்தில் நான் மேலே சொன்னதை எல்லாம் நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். அது பழைய முகூர்த்தப் புடவை. நீங்கள் புதுப் புடவை என்கிறீர்கள், ஆனாலும் இதைப் படிக்கிற வேறு யாராவது அம்மாவின் கூறைப்புடவையை வெட்டக் கத்தரிக்கோலைக் கையில் வைத்திருப்பார்கள். பட்டு பீரோவில் ஒரே மடிப்பாக இருபது வருஷம் கிடந்தால் அந்த மடிப்புக் கோட்டிலேயே இழை செத்துப்போகும். பார்த்தால் பளபளவென்று இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, மடிப்பு விழுந்த இடத்தை இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள், சரசரவென்று பிரிந்தால் முடிந்தது. அந்தத் துணியில் விசிறி மடித்தால் மேடையில் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தொங்கும். என்னிடம் ஒருத்தர் அழுதுகொண்டே கொண்டுவந்திருக்கிறார், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஜரிகை பாடரும் முந்தானையும் திடமாக இருந்தால் அவற்றை மட்டும் வெட்டி, உள்ளே மல் துணி வைத்து, புதுத் துணியின் மேல் தைத்துக்கொள்ளலாம். உடல் துணியை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள். அம்மாவும் சந்தோஷப்படுவார். இந்த மாதிரித் துணியில் பாலியெஸ்டர் நூலும் வேண்டாம், நூல் பலமாக இருந்தால் துணியை அறுத்துவிடும்.

சரி, அந்த 14,000 ரூபாய் ஆசாமி. இவர்களைச் சித்தூர், கொல்லங்கோடு, பாலக்காடு எல்லா இடத்திலும் பார்க்கிறேன். ஒவ்வொரு வருஷமும் கலோத்ஸவ நேரத்தில் முளைப்பார்கள், உடுப்பு, நகை, மேக்கப் எல்லாம் சேர்த்து 'பாக்கேஜ்' என்பார்கள். கிளாஸுக்கு ஒரு பங்கு போகும். அதை உங்கள் தலையில்தான் வைப்பார்கள். தயார் செட்டுகளில் பலதும் விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸை இஸ்திரியால் ஒட்டியது, இரண்டு மேடை வியர்த்தால் உரிந்து குமிழ் விடும். 'அசல் பட்டு' என்றால் சில்க் மார்க் சீட்டைக் கேளுங்கள், மத்தியப் பட்டு வாரியம் 2004-லேயே கொண்டுவந்துவிட்டது. சீட்டு இல்லை என்றால் உள்தையல் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுங்கள். பட்டு, தலைமுடி கருகுகிற நாற்றம் அடித்து, விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும். பாலியெஸ்டர் போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பிள்ளைகள் வளர்கிறவர்கள். பட்டு விலை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பதில்தான் ஆட்சேபம்.

கலோத்ஸவம் 1957-ல் எர்ணாகுளத்தில் ஆரம்பித்தபோது இந்தக் கூத்து இருந்திருக்காது. பரீட்சையில் கூடுதலாகச் சேர்க்கிற கிரேஸ் மார்க்குக்காகப் பெற்றோர் கடன் வாங்கி உடுப்பு எடுக்கிற அளவுக்கு விட்டுவிட்டார்கள், கேட்டால் எல்லோரும் கையை விரிக்கிறார்கள். நேரக் கணக்காவது உண்டா? காலை பத்து மணி என்று சீட்டில் இருக்கும், மேடை கிடைக்கும்போது இரவு ஒன்பது ஆகும். அதுவரை பிள்ளை முழு உடுப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து கிடப்பாள். என்னிடம் ரிப்பேருக்கு வருகிற பைஜாமாக்களில் பாதி ஆடிக் கிழிந்ததே இல்லை, உட்கார்ந்து கிழிந்தவை, ஸ்கூட்டரில் காலைத் தூக்கிப்போட்டு ஏறிக் கிழிந்தவை. அதனால் மேக்கப்பும் நகையும் முதலில் முடியட்டும். முன்னால் இரண்டு பேர் பாக்கி என்னும்போது பைஜாமாவும் விசிறியும் போட்டால் போதும். சேஃப்டி பின்னோடு வந்து நிற்கிற கிரீன்ரூம் அண்ணன்களை விசிறிப் பக்கம் விடாதீர்கள்.

முதல் வாரம் விசிறி, அடுத்தது பைஜாமா, கடைசியில் ரவிக்கை. மூன்றும் முடிந்ததும் வீட்டு முற்றத்தில் முழு ஐட்டத்தையும் உடுப்போடு ஒரு தடவை ஆடவிட்டு, பின்னால் உட்கார்ந்து தையலை மட்டும் பாருங்கள். அதற்கு முன்னால், நாளைக்குக் காலையிலேயே டெய்லர் கடைக்குப் போய் அந்த மிச்சத் துணியைக் கேளுங்கள்.